பெயர் கொடுத்தவர்

பாரதியாருக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால் நம்மில் பெரும்பாலோர் சற்றுத் திகைத்துப் போவோம். மகாகவி என்போம், தேசபக்தர் என்போம். இரண்டும் உண்மைதான். ஆனால் மகாகவி என்பது மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையல்ல. தேசபக்தி அதைவிட மோசம். கையில் இருப்பதையும் வாங்கிக்கொண்டு போய்விடும். மளிகைக் கடன் தீர்ப்பதற்கு அந்த மனிதர் என்ன தொழில் பார்த்தார் என்றால், பதில் மிகவும் சாதாரணமானது. அவர் பத்திரிகைக்காரர். அதிலும் அரசியல் எழுதுகிற பத்திரிகைக்காரர்.

1904-ஆம் ஆண்டில் மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம்போலத் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் சென்னைக்கு வந்து 'சுதேசமித்திர'னில் உதவியாசிரியர் வேலையில் அமர்ந்தார். இங்கிலீஷ் தந்திகளையும் பிரசங்கங்களையும் தமிழாக்கிக் கொடுப்பது முக்கியமான வேலை. 1921 செப்டம்பரில் அவர் காலமானபோதும் அதே 'சுதேசமித்திர'னில் உதவியாசிரியர்தான். நடுவே 17 வருஷம். அந்த 17 வருஷத்தில் எத்தனையோ இடி விழுந்தது, ஊர் மாறியது, பெயர்கூட மாறியது. ஆனாலும் புறப்பட்ட நாற்காலிக்கே திரும்பி வந்து சேர்ந்த உத்தியோகம் அது.

பாரதியாரை இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்படி என்னைச் செய்தவள் என் தமக்கையின் மகள். அவளுக்கு வயது 45-ஐத் தாண்டிவிட்டது. இருந்தாலும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் இன்னும் 'பாப்பா'தான். தொலைக்காட்சியில் அரசியல் நிருபராக 20 வருஷத்துக்கு மேல் உழைத்தவள்.

1975-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தபோது, செய்தி என்பது அழகாக உடுத்திக்கொண்டு பிசிறில்லாமல் வாசிக்கிற விஷயமாக இருந்தது. 1993-க்குப் பிறகு தனியார் சானல்கள் வந்தன. அதற்கும் பிறகு நாள் முழுவதும் செய்தியே சொல்லுகிற சானல்கள் வந்தன. செய்தியை வாசிப்பது போய்ச் செய்தியைத் துரத்துவது ஆரம்பமாயிற்று. பாப்பா அந்தத் துரத்தலில் சேர்ந்தவள். தலைவர்கள் வீட்டு வாசலில் வெயிலில் நின்றே பாதி வயதைக் கழித்தவள். வோட்டு எண்ணும் தினத்தில் விடியற்காலை 4 மணிக்குப் பல் துலக்கிவிட்டு மறுநாள் விடியற்காலை 4 மணிக்குச் சாப்பிடுவாள். கல்யாண வீட்டுக்கு அவள் வந்தால் உறவினர்கள் "அந்தக் கட்சி ஜெயிக்குமா?" என்று கேட்பார்களே தவிர, "சாப்பிட்டாயா?" என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். டி.வி.யில் வருகிறவர்களுக்குப் பசிக்காது என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

அவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. அவள் வேலை பார்த்த நிறுவனம் எது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரை வேறு திக்கில் போய்விடும். விஷயம் இதுதான். பொதுச் சொத்தான ஓர் இடத்தைச் செல்வாக்குள்ள மனிதர் ஒருவர் வளைத்துக்கொண்டதைப் பற்றித் தஸ்தாவேஜுகளோடு ஒரு செய்தி தயாரித்தாள். இரவு ஒரு தரம் ஒளிபரப்பாயிற்று. மறுநாள் காலையில் அது எங்கும் இல்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு வாசகம் வாசிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். "செய்தியில் தப்பு எது என்று காட்டுங்கள், வாசிக்கிறேன்" என்றாள். தப்பை யாரும் காட்டவில்லை; மன்னிப்பை மட்டும் கேட்டார்கள். அவள் இணங்கவில்லை.

ஒரு வாரம் கழிந்தது. வேலை போயிற்று, ஆனால் போனது அவள் வேலையல்ல. இரவு வேளையில் செய்திகளைச் சரிபார்த்து அனுப்பும் பகுதியில் ஒரு பையன் இருந்தான். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இந்தச் செய்தியை ஒளிபரப்புக்கு அனுப்பியது யார் என்று கம்ப்யூட்டரில் பார்த்தால் அவன் பெயர் இருந்தது. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"என் முகம் நாலு பேருக்குத் தெரியும், மாமா. என்னை அனுப்பினால் நாலு பேர் கேட்பார்கள். அவனை அனுப்பினால் யார் கேட்கப்போகிறார்கள்?" என்று டெலிபோனில் சொன்னாள். அவள் குரலில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது.

லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனாள். முத்தியால்பேட்டையில் அவளுடைய புருஷன் வீட்டார் இருக்கிறார்கள். "இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போங்கள், மாமா" என்றாள். போனேன். கதை எழுதுகிறவனிடம் புத்திமதி கேட்டு உருப்பட்டவர்கள் இல்லை. ஆனால் பேச்சுத் துணைக்கு நாங்கள் லாயக்கானவர்கள்தான்.

காலையில் கடற்கரைச் சாலையில் நடந்தோம். விடியற்காலையில் அங்கே வண்டிகளை விடுவதில்லை. ஆகையால் கிழவர்களும் குழந்தைகளும் நாய்களும் சரிசமானமாக நடக்கிறார்கள். காந்தி சிலையைத் தாண்டிப் பாரதி பூங்காவின் பக்கம் திரும்பியதும் பாப்பா தன் தொழில் புராணத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். "இதோ, இந்த ராஜ்நிவாஸ் வாசலில்தான் 2019 பிப்ரவரியில் நாராயணசாமி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு தர்ணா உட்கார்ந்தார். முதல் மந்திரி தெருவில், கவர்னர் கிரண் பேடி உள்ளே. ராத்திரி பூராவும் நாங்களும் தெருவில்தான். அப்புறம் 2021 பிப்ரவரி 22. நம்பிக்கை வாக்கில் அவர் சர்க்கார் கவிழ்ந்தது. அன்றைக்கும் இங்கேதான் நின்றேன்."

"அதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அலை எங்கே போகிறது மாமா, அதுபோலத்தான்" என்றாள்.

வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்குள் நடந்து ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதிக்குப் போனோம். பாரதியார் குடியிருந்த வீடு அங்கே இருக்கிறது. இப்போது சர்க்கார் பராமரிக்கும் நினைவில்லம். உயரமான திண்ணையும் உள்ளே முற்றமுமாக நம் பாட்டன்மார் காலத்து வீடு. பாப்பா இத்தனை வருஷம் இந்த ஊருக்கு மருமகளாக இருந்தும் உள்ளே வந்ததில்லையாம். செய்தி இல்லாத இடத்துக்கு நிருபர் எதற்காகப் போகிறாள்?

"இங்கே வந்துதானே மாமா தப்பித்துக்கொண்டார்?" என்றாள். 'தப்பித்துக்கொண்டார்' என்ற வார்த்தையை அவள் சற்று அழுத்தியே சொன்னாள். நான் அவளைத் திண்ணையில் உட்காரச் சொல்லி 1908-ஆம் ஆண்டின் கதையைச் சொன்னேன்.

அந்த ஆண்டின் கோடையும் மழையும் பத்திரிகைக்காரர்களுக்கு நல்லதாக இல்லை. ஜூலை 7-ஆந் தேதி திருநெல்வேலியில் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு 40 வருஷத் தண்டனை; பின்னால் அது குறைக்கப்பட்டது. ஜூலை 22-ஆந் தேதி பம்பாயில் திலகருக்கு 6 வருஷம். 'கேசரி'யில் வந்த கட்டுரைகளுக்காக. ஆகஸ்டு மாதம் இடி சென்னைப் பத்திரிகைகளின்மேல் விழுந்தது. அப்போது தமிழ்ப் பத்திரிகை உலகத்தில் மூன்று பேர் மூன்று திசைகளில் போனார்கள்.

முதலாவது ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878-இல் 'ஹிந்து'வைத் தொடங்கிய இளைஞர்களில் ஒருவர். 1882-இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கியவர். 1885-இல் முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். பாரதியாரைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1908-இல் அவருக்கு 53 வயது; கொடிய நோயினால் உடம்பு உருக்குலைந்திருந்தது. குற்றாலத்தில் இருந்தபோது ராஜத்துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். இனி அவ்வாறு எழுதுவதில்லை என்று உறுதி எழுதிக் கொடுத்து வெளியே வந்தார்.

இரண்டாவது ஆள்தான் எம். ஸ்ரீநிவாஸன். 'இந்தியா' வாரப் பத்திரிகை 1906 மே மாதத்தில் சென்னையில் ஆரம்பமானது. மண்டயம் குடும்பத்துத் திருமலாச்சாரியார் முதலாளி. எழுத்து பாரதியாருடையது. சிவப்புக் காகிதம், தமிழில் அதற்குமுன் யாரும் கண்டிராத அரசியல் கேலிச் சித்திரங்கள், ஒரு வார்த்தை பாக்கி வைக்காத தலையங்கங்கள். சூரத் காங்கிரஸ் 1907 டிசம்பரில் நாற்காலி வீச்சில் முடிந்தபோது, அங்கே நேரில் போயிருந்து கண்டதை எழுதியவர் பாரதியார். இன்று பாப்பா கேமராவோடு போகிற மாதிரி அவர் பென்சிலோடு போனார். ஆனால் சட்டம் எழுத்து யாருடையது என்று பார்ப்பதில்லை. பெயர் யாருடையது என்று பார்க்கும். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அச்சிடுகிறவரும் வெளியிடுகிறவரும் மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் தம் பெயரைப் பதிவு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. 'இந்தியா' சார்பில் பதிவாகியிருந்த பெயர் ஸ்ரீநிவாஸன். போலீஸார் வந்து அவரைத்தான் கொண்டுபோனார்கள். 5 வருஷத் தண்டனை. புதுச்சேரியில் பாரதியாருக்குத் துணையாக நின்ற மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியார் வேறு, இவர் வேறு. இவர் பெயரைப் பள்ளிக்கூடத்துப் புஸ்தகம் எதிலும் நான் படித்ததில்லை.

மூன்றாவது பாரதியார். வயது 25. அடுத்த வாரண்டு அவர்மேல்தான் என்று நண்பர்கள் பயந்தார்கள், வற்புறுத்தினார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு அவர் வந்துவிட்டார். பின்னாலேயே அச்சு யந்திரமும் வந்தது. அக்டோபரில் 'இந்தியா' மறுபடியும் வெளிவந்தது.

"மூன்று பேரில் யார் செய்தது சரி, மாமா?" என்று பாப்பா கேட்டாள்.

நாவல் எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட கேள்வி பிடிக்காது. பாத்திரங்களை நிறுத்திவைத்து மார்க்குப் போடுவது வாத்தியார் வேலை. நோயாளியான பெரியவர் சிறையில் செத்திருக்க வேண்டும் என்று கேட்க நாம் யார்? 25 வயதில் உள்ளே போயிருந்தால் அப்புறம் கண்ணன் பாட்டும் இல்லை, பாஞ்சாலி சபதமும் இல்லை. ஆகையால் நான் ஒரு சமாதானம் சொன்னேன். "பாரதியார் இங்கே வந்து சும்மா உட்காரவில்லையே, அம்மா. பத்திரிகையை நடத்தினார். அவர் ஓய்ந்திருந்தால் ஸ்ரீநிவாஸன் சிறைக்குப் போனதே வீணாகியிருக்கும். பத்திரிகை நின்றதனால் அவர் தியாகத்துக்கு அர்த்தம் இருந்தது" என்றேன்.

பாப்பா சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "இருக்கலாம். ஆனால் அது ஸ்ரீநிவாஸன் சொல்ல வேண்டிய பதில். நீங்களும் நானும் அவருக்காகச் சொல்லக்கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவள் ஸ்ரீநிவாஸனைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஒருவருடைய எழுத்துக்கு இன்னொருவர் பெயர் கொடுப்பது அந்தக் காலத்தில் சாதாரண வழக்கம். பிரெஞ்சுக்காரர்களும் அதற்கு விலக்கல்ல. 1881-ஆம் ஆண்டில் அவர்கள் இயற்றிய பத்திரிகைச் சட்டம் உலகத்தில் மிகவும் தாராளமான சட்டங்களில் ஒன்று. ஆனால் அதிலும் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் கொடுத்தாக வேண்டும். பிடித்துப் போட ஒரு கழுத்து இல்லாமல் எந்தச் சர்க்காரும் சுதந்திரம் கொடுப்பதில்லை. யார் எழுதியது என்பது வாசகனுக்கு முக்கியம். யார் பெயர் என்பது போலீஸுக்கு முக்கியம். இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறவன் பெரும்பாலும் ஏழை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னையில் தொடங்கிய நாளிலிருந்தே 'இந்தியா'வின் கோஷம் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். பிரெஞ்சுக் குடியரசின் கோஷமும் அதுவே. ஆகவே பத்திரிகை தன் தாய் வீட்டுக்கே வந்ததுபோல் ஆயிற்று. ஆனால் தாய் வீட்டில் சோறு இல்லை. 'இந்தியா'வின் வாசகர்கள் பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தார்கள். கடை இந்தக் கரையில், வாங்குகிறவர்கள் அந்தக் கரையில். பிரிட்டிஷ் சர்க்கார் புதுச்சேரிக்குள் நுழைந்து கடையை மூட முடியவில்லை. ஆகையால் பாலத்தை எடுத்துவிட்டார்கள். பத்திரிகை எல்லைக்குள் வரக்கூடாது என்று தடுத்தார்கள். தபாலில் வந்த பிரதிகளைப் பறித்துக்கொண்டார்கள். 1910 பிப்ரவரியில் பத்திரிகைகளை நெருக்குவதற்குப் புதிய சட்டமும் வந்தது. மார்ச்சில் 'இந்தியா' நின்றது. புதுச்சேரியில் அது உயிரோடிருந்தது சுமார் 17 மாதம். 'விஜயா' என்ற தினசரியும் 'கர்மயோகி'யும் அந்த ஆண்டுக்கு அப்பால் போகவில்லை.

'இந்தியா' நின்ற அடுத்த மாதமே, 1910 ஏப்ரலில், அரவிந்தர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அந்த ஆண்டிலேயே வ.வே.சு. ஐயரும் வந்தார். உளவாளிகள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு கெடுபிடி இரட்டிப்பாயிற்று. வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் உள்ளூர்க் கௌரவஸ்தர்கள் 5 பேருடைய கையெழுத்தோடு பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். யார் முன்வருவார்கள் என்று எல்லோரும் யோசித்தபோது, கலவை சங்கர செட்டியார் தாமும் கையெழுத்துப் போட்டு மற்றவர்களையும் போடவைத்தார். அதுவும் பெயர் கொடுப்பதுதான். நாட்டுச் சரித்திரத்தில் பேசினவர்களுக்கும் எழுதினவர்களுக்கும் பக்கத்திலேயே இப்படி மௌனமாகக் கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு வரிசை நிற்கிறார்கள்.

பத்திரிகை இல்லாத பத்திரிகைக்காரராகப் பாரதியார் இருந்த அந்த வருஷங்களில்தான், பெரிய கவிதைகள் பலவும் பிறந்தன. முத்தியால்பேட்டைக் குயில்தோப்பின் புகழ் எல்லாம் அப்போது வந்ததுதான். கவிதையை விரும்புகிறவர்கள் பிரிட்டிஷ் சர்க்காருக்கு ஒருவிதத்தில் நன்றி சொல்லலாம். ஆனால் தொழிலை விட்டவருக்கு மனசு விடுமா? 1915 வாக்கில் 'சுதேசமித்திரன்' கதவு மறுபடியும் திறந்தது. காளிதாஸன், சக்திதாஸன் போன்ற பெயர்களில் எழுதினார். 1916 நவம்பரில் புதுச்சேரியைப் புயல் அடித்து நாசமாக்கியபோது அதைப்பற்றியும் எழுதினார். கவிஞருக்குப் புயல் ஒரு பாட்டு. நிருபருக்கு அது எத்தனை வீடு, எத்தனை மரம், யாருக்குக் கஞ்சி என்கிற கணக்கு. அவர் இரண்டு கடமையையும் செய்தார்.

1918 நவம்பர் 20-ஆந் தேதி பொறுத்தது போதும் என்று புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லை தாண்டியதும் கடலூர்ப் பக்கத்தில் கைது. 24, 25 நாள் சிறை. சென்னையில் நண்பர்கள் முயன்றார்கள். டிசம்பர் 14-ஆந் தேதி விடுதலையானார். ஆனால் நிபந்தனைகள் இருந்தன: அரசியலில் ஈடுபடக்கூடாது, திருநெல்வேலி ஜில்லாவில் இருக்க வேண்டும், எழுதுவதைப் போலீஸ் இலாகாவின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்துக்கு வந்தபோது பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவரும் எழுதிக் கொடுத்தாரா?"

"கொடுத்தார்."

மூன்று பேர், மூன்று திசை என்று நான் பிரித்துப் பிரித்துச் சொன்னேனே, அந்தக் கணக்கு அங்கே உடைந்து போயிற்று. தப்பிப் போனவர், சிறைக்குப் போனவர், எழுதிக் கொடுத்தவர்: இந்த மூன்று வேஷத்தையும் சுமார் பத்து வருஷத்தில் ஒரே மனிதர் போட்டுவிட்டார். ஒரு நாளைய தைரியத்தை வைத்தோ ஒரு நாளைய தளர்ச்சியை வைத்தோ பத்திரிகைக்காரனை எடை போடுவதற்கில்லை. அந்த நாளுக்கு அப்புறம் என்ன செய்தான் என்பதே கேள்வி. 1920-இல் தடைகள் நீங்கின. அவர் திரும்பப் போய் உட்கார்ந்தது 'சுதேசமித்திரன்' அலுவலகத்தில். 1921 ஜூலை கடைசியில் ஈரோட்டுப் பக்கம் கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசிவிட்டு வந்து, அந்தப் பிரயாணத்தைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பின் அவருக்கு இருந்தது ஏறக்குறைய ஆறு வாரம். கடைசி வரையில் போவது, பார்ப்பது, எழுதுவது.

அந்த எழுத்துகள் இன்று நமக்குக் கிடைப்பதற்கு ரா.அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன், இளசை மணியன் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடி அலைந்தது காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொன்னால் சிரிப்பு வரும். பிரிட்டிஷ் சர்க்கார் வாரந்தோறும் தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்து, முக்கியமான பகுதிகளை இங்கிலீஷில் மொழிபெயர்த்து ரகசிய அறிக்கையாக அச்சிட்டு வந்தது. அரசியல் பத்திரிகைக்காரனுக்குச் சந்தா கட்டாத மிகவும் விசுவாசமான வாசகர் யார் என்றால், எதிரிதான். பாப்பாவின் தலைமுறைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. இரவு 9 மணிக்குக் கத்தினது மறுநாள் 9 மணிக்கு யாருக்கும் ஞாபகமில்லை. முகம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. முகம் தெரிகிற அளவுக்குச் சொன்ன விஷயம் தெரியாமல் போவது தொலைக்காட்சிக்காரர்களின் தலையெழுத்து.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாப்பா மேஜையருகில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். ராஜிநாமாக் கடிதம் என்று எண்ணினேன். இல்லை. 'செய்தியைத் திரட்டியவள் நான்; எழுதியவள் நான்; ஒளிபரப்ப வேண்டும் என்று சொன்னவளும் நான். அதற்கான பொறுப்பு முழுவதும் என்னுடையது. அந்தப் பையன் நான் கொடுத்ததை முறைப்படி அனுப்பினானே தவிர வேறொன்றும் செய்யவில்லை. தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடுங்கள். அவனை வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.' சுமார் 10 வரிதான். மன்னிப்பும் இல்லை, வசையும் இல்லை. என்னிடம் காட்டினாள். நான் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன். திருத்த வேறொன்றும் இல்லை.

"அனுப்புவதற்கு முன்னால் அவனைக் கேட்டாயா?" என்றேன். காலையில் திண்ணையில் அவள் எனக்குக் கற்பித்த பாடம் அது.

"கேட்டுவிட்டேன். 'அனுப்புங்க அக்கா, ஆனால் எனக்காக நீங்கள் வேலையை விட்டுவிடாதீர்கள்' என்றான்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நல்ல கதையாக இருந்தால் அடுத்த அத்தியாயத்தில் பையனுக்கு வேலை திரும்பிக் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. கடிதத்துக்கு மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு வந்த பதில், பையனுடைய பெயரையே குறிப்பிடவில்லை. பாப்பாவுக்குச் செய்தி சம்பந்தமில்லாத வேறொரு பகுதியில் வேலை கொடுத்திருப்பதாக மட்டும் சொல்லியது. மேலும் ஒரு மாதம் இருந்து பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். இந்தத் தடவை யாரும் அவளை விடச் சொல்லவில்லை.

இப்போது புதுச்சேரியிலேயே இருக்கிறாள். அந்தப் பையனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து, கைபேசியில் பார்க்கிற மாதிரி வாரம் ஒரு தரம் அரசியல் செய்தி தயாரிக்கிறார்கள். முனிசிபாலிடிக் கூட்டம், ரேஷன் கடை, ஏரி, வாய்க்கால், சட்டசபை. இருபது வருஷமாக லக்ஷக்கணக்கானவர்கள் பார்த்த முகத்தை இன்று சில நூறு பேர் பார்க்கிறார்கள். வருமானத்தைப் பற்றி நான் கேட்பதில்லை. கேட்டால் அவளுடைய மாமியார் முகம் மாறுகிறது. கையிருப்பு தீர்ந்தால் மறுபடியும் யாரிடமாவது வேலைக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். அதையும் அவள் மறைப்பதில்லை.

ஒவ்வொரு வாரமும் செய்தி முடிந்ததும் அவள் ஒரு பட்டியல் படிக்கிறாள். கேமரா பிடித்தது இன்னார், வெட்டி ஒட்டியது இன்னார், கணக்குப் பார்த்தது இன்னார் என்று சொல்லிவிட்டு, "இதில் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் பொறுப்பு நான்" என்று தன் பெயரைச் சொல்லி முடிக்கிறாள். பார்க்கிறவர்களில் சிலருக்கு அது சலிப்பாக இருக்கிறதாம். அந்த அரை நிமிஷத்தை எடுத்துவிடலாமே என்று யோசனை சொல்லுகிறார்கள். அவள் எடுப்பதாக இல்லை.